வலது பக்கம் திரும்பினால் வாயடைக்கும் மீட்டர்

"அண்ணா, இந்த வண்டிக்கு இரண்டாவது மீட்டர் ஓடிக்கொண்டிருக்கிறது. மூன்றாவது வாங்கச் சொல்லிவிடாதீர்கள்."

சத்துவாச்சாரியில் என் பட்டறைக் கதவைத் திறப்பதற்கு முன்பே வந்து காத்திருந்த ஆசிரியர் சொன்ன முதல் வாக்கியம் இது. மே மாதம், அக்னி நட்சத்திரம். அந்த நாட்களில் வேலூரில் காலை பத்து மணிக்கு மேல் வெயிலில் நின்ற பெட்ரோல் டேங்கில் கை வைக்க முடியாது. அதனால் ஒயரிங் வேலை எதுவாக இருந்தாலும் ஏழு மணிக்கே தொடங்கிவிடுவேன். அவரும் குடியாத்தத்திலிருந்து ஆறு மணிக்கே கிளம்பி வந்திருந்தார்.

வண்டி 300 சிசிக்கு மேற்பட்ட பைக், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் உள்ளது, 2021-இல் வாங்கியது. ஓடிக்கொண்டிருக்கும்போதே திடீரென வேகம் சுழியாகிறது, இன்ஜின் சுழலும் வேகத்தைக் காட்டும் ஆர்பிஎம் முள் கீழே விழுகிறது, இன்ஜின் விளக்கும் ஏபிஎஸ் விளக்கும் சேர்ந்து எரிகின்றன. ஆனால் இன்ஜின் ஒரு இருமல்கூட இருமாமல் ஓடுகிறது. சில நொடிகளில் வேகமும் முள்ளும் திரும்பிவிடுகின்றன. விளக்குகள் மட்டும் சாவியை அணைத்துப் போடும்வரை எரிந்துகொண்டே இருக்கின்றன. சில நாள் ஒருமுறைகூட வராது, சில நாள் பத்து முறை வரும். இதுதான் புகார்.

இரண்டு மாதங்களில் வண்டி இரண்டு இடங்களைப் பார்த்துவிட்டு வந்திருந்தது. முதல் பட்டறையில் ஒயர்கள் இணையும் கப்ளர்களில் ஸ்ப்ரே அடித்து அனுப்பினார்கள். பிறகு 11,000 ரூபாய்க்கு மீட்டரை மாற்றினார்கள். பத்து நாள் ஒன்றுமில்லை, பதினோராம் நாள் அதே கதை. இரண்டாவது இடத்தில் ஏபிஎஸ் யூனிட் போய்விட்டது என்று சொல்லி அவர்கள் குறித்துக் கொடுத்த தொகையைப் பார்த்துவிட்டு, வண்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்திருக்கிறார். நல்லவேளையாக, கழற்றிய பழைய மீட்டரைக் கேட்டு வாங்கி வீட்டில் வைத்திருந்தார். கணக்கு ஆசிரியர், கொடுத்த காசுக்குப் பொருள் எங்கே என்று கேட்கிற பழக்கம் அவரிடம் இருந்தது.

வண்டி பதிந்து வைத்திருக்கும் கோளாறு எண்களைப் படிக்கிற ஸ்கேனரை எடுப்பதற்கு முன் அவரிடம் மூன்று கேள்விகள் கேட்டேன். பார்த்தால் அற்பமான கேள்விகள்தான், ஆனால் பாதி வேலை அங்கேயே முடிந்துவிட்டது.

முதலாவது: கோளாறு வரும்போது மீட்டரில் மணி காட்டும் கடிகாரம் 12:00-க்குப் போய்விடுகிறதா? இல்லை, சரியாகவே ஓடுகிறது என்றார். இரண்டாவது: சாவி போட்டதும் முள் ஒருமுறை மேலே போய் இறங்குமே, அது ஓடும்போது நடக்கிறதா? இல்லை. அப்படியானால் மீட்டருக்கு வரும் 12 வோல்ட்டும் எர்த்தும் அறுபடவில்லை. அறுபட்டிருந்தால் மீட்டர் தூங்கி எழுந்து முள்ளை ஆட்டிக் காட்டியிருக்கும். விளக்கு எரிகிறது, கடிகாரம் ஓடுகிறது, வேகம் மட்டும் இல்லை. மீட்டருக்குச் சோறு தண்ணீர் கிடைக்கிறது, செய்திதான் போகவில்லை.

மூன்றாவது: எங்கே, எந்தச் சூழ்நிலையில் வருகிறது? அவருக்குத் தெளிவாகச் சொல்லத் தெரியவில்லை. "ஏலகிரி ஏறும்போது அதிகமாக வருகிறது அண்ணா. மேலே போனால் குளிர், அதனாலோ என்னவோ" என்றார். மே மாதத்து ஏலகிரியின் குளிர் கப்ளரைச் சுருங்க வைக்கும் அளவுக்கு இருக்காது. ஏலகிரி என்றால் எனக்கு நினைவுக்கு வருவது புலவர்கள், வள்ளல்கள் பெயர் வைத்த 14 கொண்டை ஊசி வளைவுகள். அதை மனதில் குறித்துக்கொண்டேன். போதுமான அளவு குறித்துக்கொள்ளவில்லை என்பது பிறகு தெரிந்தது.

யார் யாரைக் குறை சொல்கிறார்கள்

இந்த வண்டியில் என்ன பேச்சு நடக்கிறது என்பதை இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். கேன் என்கிற தகவல் தடத்தை ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1986-இல் கார்களுக்காக அறிமுகப்படுத்தியது. வாகனப் புகைக்கான பாரத் ஸ்டேஜ் 6 விதிகள் 2020 ஏப்ரல் 1-இல் வந்த பிறகு, எங்கள் பட்டறைக்கு வருகிற நடுத்தர பைக்குகளிலும் அது சாதாரணமாகிவிட்டது. அதற்கு முன் பார்த்தவற்றில் பலவும் ஒற்றை ஒயரில் ஸ்கேனருடன் மட்டும் பேசும்; ஏபிஎஸ், மீட்டர் போன்ற மின்னணுப் பெட்டிகள் தங்களுக்குள் பேசுவது குறைவு.

கேன் தடம் என்பது முறுக்கிய இரண்டு ஒயர்கள், ஒன்று கேன் ஹை, மற்றொன்று கேன் லோ. எல்லாப் பெட்டிகளும் அதே இரண்டு ஒயர்களில்தான் தொங்குகின்றன. ஒருவர் பேசினால் எல்லோருக்கும் கேட்கும்; ஊரில் தண்டோரா போடுவது மாதிரி, வேண்டியவன் வேண்டியதை எடுத்துக்கொள்வான். சக்கர சென்சாரிலிருந்து வேகத்தைக் கணக்கிட்டு ஏபிஎஸ் யூனிட் அறிவிக்கிறது, ஆர்பிஎம்மை இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியு அறிவிக்கிறது, மீட்டர் இரண்டையும் கேட்டு முகத்தில் காட்டுகிறது. பேச்சு இல்லாத நேரத்தில் இரண்டு ஒயரிலும் சுமார் 2.5 வோல்ட். பேசும்போது ஹை 3.5-க்கு ஏறும், லோ 1.5-க்கு இறங்கும். இந்த வண்டியில் நொடிக்கு 5 லட்சம் பிட், அதாவது ஒரு பிட்டுக்கு 2 மைக்ரோ நொடி. கண் இமைக்கும் நேரம் அதற்கு ஒரு யுகம்.

அந்த விளக்குகளைப் பற்றிப் பலருக்கும் தெரியாத ஒன்று உண்டு. ஏபிஎஸ் விளக்கு எரிந்தால் ஏபிஎஸ் யூனிட்தான் அதை எரிய வைத்தது என்று நினைக்கிறோம். அது கட்டாயமில்லை. ஏபிஎஸ்ஸிடமிருந்து செய்தி வரவில்லை என்றால், மீட்டர் பாதுகாப்புக்காகத் தானே அந்த விளக்கைப் போட்டுவிடும். அந்த நேரத்தில் ஏபிஎஸ் யூனிட் நலமாக வேலை பார்த்துக்கொண்டிருக்கலாம். இந்த ஒரு விஷயம் தெரியாமல் எத்தனை ஏபிஎஸ் யூனிட்டுகள் கழற்றப்பட்டிருக்கும் என்று நினைத்தால் வயிற்றெரிச்சலாக இருக்கிறது.

முதலில் பேட்டரி. சாவி போடாமல் 12.6 வோல்ட், ஸ்டார்ட் செய்யும்போது 10.8-க்குக் கீழே போகவில்லை, ஓடும்போது 14.2. மின்னழுத்தம் சரிந்தாலே பெட்டிகள் பேச்சை விட்டுவிட்டுப் பொய்யான குற்றச்சாட்டுகளைப் பதிந்து வைக்கும், அதனால் இதைப் பார்க்காமல் நான் ஸ்கேனரைச் செருகுவதில்லை.

ஸ்கேனரில் கிடைத்தது இது. இன்ஜின் ஈசியுவில் யு0155, மீட்டருடன் தொடர்பு இல்லை. ஏபிஎஸ் யூனிட்டிலும் அதே யு0155. மீட்டரில் இரண்டு: இன்ஜின் ஈசியுவுடன் தொடர்பு இல்லை என்கிற யு0100, ஏபிஎஸ்ஸுடன் தொடர்பு இல்லை என்கிற யு0121.

யு வரிசை எண்களை உதிரிபாகப் பட்டியல் மாதிரி படிக்கிறார்கள். யு0121 என்றதும் ஏபிஎஸ் மாற்று, யு0155 என்றதும் மீட்டர் மாற்று. இந்த வண்டிக்கு நடந்ததும் அதுதான். ஆனால் அந்த எண் சொல்வது "அவன் செத்துவிட்டான்" என்றல்ல, "அவன் குரல் எனக்குக் கேட்கவில்லை" என்பது மட்டுமே. பஞ்சாயத்தில் உட்கார்ந்தவர் போல, யார் யாரைக் குறை சொல்கிறார்கள், யார் யாரைக் குறை சொல்லவில்லை என்று இரண்டையும் பார்க்க வேண்டும். இங்கே ஈசியு ஏபிஎஸ்ஸைக் குறை சொல்லவில்லை. ஏபிஎஸ் ஈசியுவைக் குறை சொல்லவில்லை. அவர்கள் இருவரும் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள். இருவரும் சேர்ந்து மீட்டரைக் காணோம் என்கிறார்கள். மீட்டரோ ஊரையே காணோம் என்கிறது. அப்படியென்றால் தனித்துப் போனது மீட்டர்தான். ஒன்று மீட்டர் கெட்டிருக்க வேண்டும், அல்லது மீட்டருக்குப் போகும் வழி கெட்டிருக்க வேண்டும். மீட்டரை ஏற்கெனவே மாற்றிப் பார்த்தாகிவிட்டது. வழிதான் மிச்சம்.

நான் செய்த தவறு

வழி என்றால் இந்த வண்டியில் டேங்குக்குக் கீழே ஓடி, ஸ்டியரிங் கழுத்தின் இடப்பக்கமாக வளைந்து, முன்விளக்குக்குப் பின்னால் மீட்டர் கப்ளரில் முடிகிற ஒயரிங். கழுத்துப் பகுதியில்தான் ஒயர் ஒவ்வொரு திருப்பத்திலும் வளைந்து நிமிர்கிறது. இருபது வருட அனுபவம் கண்ணை மூடிக்கொண்டு அங்கேதான் கை நீட்டும். டேங்கைக் கழற்றிவிட்டேன்.

அதன் பிறகு பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, சில நிமிடம் விட்டு, சீட்டுக்கு அடியிலிருக்கும் ஸ்கேனர் கப்ளரில் ஹைக்கும் லோவுக்கும் நடுவே மல்டிமீட்டரை மின்தடை அளக்கும் ஓமில் வைத்தேன். மின்சாரம் இருக்கும்போது இந்த அளவை எடுத்தால் வரும் எண்ணுக்கு மதிப்பில்லை. கேன் தடத்தின் இரு முனைகளிலும் 120 ஓம் தடுப்பான் ஒவ்வொன்று இருக்கும்; இந்த வண்டியில் ஒன்று ஈசியுவுக்குள், மற்றது மீட்டருக்குள். இரண்டும் இணையாகச் சேர்ந்து 60 ஓம் காட்ட வேண்டும். 120 காட்டினால் ஒரு முனை அறுந்திருக்கிறது. 40 என்றால் யாரோ மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்திருக்கிறார்கள். ஏறக்குறைய சுழி என்றால் இரண்டு ஒயர்களும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

காட்டியது 60.4. ஹேண்டில்பாரை இடது, வலது என்று முழுக்கத் திருப்பினேன்: 60.4. கழுத்தில் ஒயரிங்கைப் பிடித்து ஆட்டினேன்: 60.4. எங்கள் பட்டறைப் பையன் மறுபக்கத்திலிருந்து இழுத்தும் பார்த்தான். 60.4. அசையவே இல்லை.

இந்த இடத்தில் நான் தடுமாறினேன் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். ஏபிஎஸ் கப்ளரைத் திறந்தபோது பின்களின் ஓரத்தில் வெள்ளையாக உப்புப் படிந்திருந்தது. இங்கே வாட்டர் சர்வீஸ் செய்வது பெரும்பாலும் போர்வெல் தண்ணீரில், அது காய்ந்தால் உப்பைத்தான் விட்டுப் போகும். இதுதான் என்று மகிழ்ந்து ஒரு மணி நேரம் சுத்தம் செய்தேன். ஏபிஎஸ்ஸும் ஈசியுவும் ஒழுங்காகப் பேசிக்கொண்டிருக்கும்போது ஏபிஎஸ் கப்ளரைச் சுத்தம் செய்து என்ன பயன் என்று என் ஸ்கேனர் கணக்கே சொன்னது. கண் எதிரே அழுக்கு தெரிந்ததும் மூளை கணக்கை மறந்துவிடுகிறது. சுத்தம் செய்ததில் நஷ்டமில்லை, ஆனால் நோய் அதுவல்ல.

எல்லாவற்றையும் பூட்டி, எண்களை அழித்துவிட்டு, நானே ஓட்டிக்கொண்டு கிளம்பினேன். பழைய பைபாஸ் வழியாகப் போனேன், பாலாற்றுப் பாலத்தைக் கடந்தேன், காட்பாடிவரை ஒன்றுமில்லை. மேடு பள்ளத்தில் வேண்டுமென்றே இறக்கினேன், ஒன்றுமில்லை. திரும்பி வருவதற்காக ரயில் நிலையத்துக்குச் சற்று முன்னால் சாலையின் நடுவே யு திருப்பம் எடுத்தேன். ஹேண்டில்பார் முழுக்க வலப்பக்கம் போனது. வேகம் சுழி. இரண்டு விளக்கும் பளிச்சென்று எரிந்தன.

பின்னால் வந்த ஷேர் ஆட்டோக்காரர் திட்டியதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் அங்கேயே நின்று மறுபடி திருப்பினேன். இடது, வருகிறது. வலது, போகிறது. இடது, வருகிறது.

நம் ஊரில் இடப்பக்கம் ஓட்டுகிறோம், அதனால் யு திருப்பம் எப்போதும் வலப்பக்கம்தான். ஏலகிரியின் வளைவுகளிலும் பாதி வலப்பக்கம். ஆனால் பட்டறையில் சைடு ஸ்டாண்டில் நிற்கிற வண்டியெல்லாம் தலையை இடப்பக்கம் சாய்த்துக்கொண்டுதான் நிற்கும். ஹேண்டில் லாக்கும் இந்த வண்டியில் இடப்பக்கம்தான். மூன்று பட்டறையிலும் வண்டி தனக்குச் சுகமான நிலையில் நின்றுகொண்டு பரிசோதனைக்கு ஒத்துழைத்திருக்கிறது. ஆசிரியர் நேரான சாலையில் போகும்போதுதான் எரிகிற விளக்கைக் கவனித்திருப்பார். அதற்கு அரை கிலோமீட்டர் முன்னால் தெரு முனையில் திரும்பியது அவர் நினைவில் இருக்காது.

அப்படியானால் நான் வலப்பக்கம் திருப்பியபோது ஏன் 60.4 அசையவில்லை? அப்போது டேங்க் இல்லை. இப்போது இருக்கிறது. வேறு வித்தியாசம் எதுவுமில்லை.

டேங்கோடு அளந்தது

பட்டறைக்கு வந்ததும் டேங்கைத் தொடாமல், ஸ்கேனர் கப்ளரிலேயே மறுபடி ஓம் பார்த்தேன். நேராக வைத்தால் 60.4. இடது, 60.4. வலது முழுக்கத் திருப்பியதும் எண் தள்ளாடி 119.8-இல் நின்றது. ஒரு முனை அறுந்திருக்கிறது என்பதற்கு இதைவிடப் பச்சையாக எழுதிக் கொடுக்க முடியாது.

இரண்டு ஒயர்களில் எது என்று பார்க்க, முன்விளக்குக் கவசத்தை மட்டும் கழற்றி, மீட்டர் கப்ளரின் பின்புறத்திலிருந்து, மின்னழுத்தத்தின் ஏற்ற இறக்கத்தைக் கோடாக வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப்பின் இரண்டு முனைகளையும் கொடுத்தேன். கையடக்க ஸ்கோப்தான், பழையது. இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க, ஹேண்டில்பார் நேராக இருந்தபோது திரையில் அழகான படம் வந்தது: ஹை மேலே எழும்போதெல்லாம் லோ கீழே இறங்குகிறது, குளக்கரைக் கோபுரமும் அதன் நிழலும் போல. பையனை மெதுவாக வலப்பக்கம் திருப்பச் சொன்னேன். ஒரு புள்ளியில் நிழல் தலைகீழாவதை நிறுத்திவிட்டு, கோபுரத்தோடு சேர்ந்து மேலே எழ ஆரம்பித்தது. இரண்டு கோடுகளும் ஒன்றின் மேல் ஒன்றாக, ஒரே திசையில்.

அது ஏன் என்றால், லோ ஒயர் வழியில் அறுந்ததும், மீட்டருக்குள் இருக்கிற 120 ஓம் தடுப்பான் வழியாக அதன் லோ முனை ஹையோடு மட்டும் கட்டுண்டு கிடக்கிறது. ஹை போகும் இடத்துக்கெல்லாம் அதுவும் போகிறது. மீட்டர் கேட்பது இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டுமே. வித்தியாசம் சுழியானால் அதன் காதில் நிசப்தம். ஹை அறுந்திருந்தால் இரண்டும் சேர்ந்து கீழே இறங்கியிருக்கும். ஆக, அறுந்தது லோ.

ஸ்கோப் இல்லாதவர்கள் மனம் தளர வேண்டாம். கோளாறு இருக்கும் நிலையில் மீட்டர் கப்ளரில் எர்த்தோடு ஒப்பிட்டு டிசி வோல்ட் பார்த்தால், பேச்சு ஓடும்போது 2.5-க்குச் சற்றுக் கீழே இருக்க வேண்டிய லோ, 2.5-க்கு மேலே ஏறி ஹையின் அளவிலேயே நிற்கும். அதுவே போதும். ஆனால் பழைய டெஸ்ட் லாம்ப்பை மட்டும் கேன் ஒயரில் வைத்துவிடாதீர்கள். அது இழுக்கிற மின்னோட்டம் அந்தப் பெட்டிகளுக்குத் தாங்காது.

ஈசியுவும் ஏபிஎஸ்ஸும் ஒரு முனைத் தடுப்பான் இல்லாமலே எப்படிப் பேசின என்று கேட்கலாம். பைக்கில் தடம் குட்டையானது, அவர்கள் இருவருக்கும் நடுவே ஒரு மீட்டர்கூட இல்லை. எதிரொலி கொஞ்சம் இருந்திருக்கும், சமாளித்துக்கொண்டார்கள். ஒவ்வொரு பெட்டியும் தன் பிழைகளுக்குத் தானே கணக்கு வைத்திருக்கிறது. அனுப்பும்போது பிழை வந்தால் 8 புள்ளி கூடும், சரியாகப் போனால் 1 குறையும், 255-ஐத் தாண்டினால்தான் பேச்சிலிருந்து விலகிக்கொள்ளும். இவர்கள் அந்த எல்லையைத் தொடவில்லை.

இந்த முறை டேங்கை மெல்லத் தூக்கி, கழற்றுவதற்கு முன்பே டார்ச் அடித்துப் பார்த்தேன். டேங்கின் முன் விளிம்புக்குக் கீழே, தொழிற்சாலை ஒயரிங்கோடு சேர்த்து இன்னொரு கட்டு ஒயர் சட்டத்தில் இறுக்கிக் கட்டப்பட்டிருந்தது. கேபிள் டை, நாங்கள் டேக் என்போம், பல் பதிய இழுத்திருந்தார்கள். அது ஆறு மாதம் முன் வெளியில் போட்ட ஃபாக் லைட்டின் ஒயர். கழுத்துக்கு முன்னால் தொழிற்சாலை விட்டிருந்த தளர்ச்சி முழுவதையும் அந்த டேக் விழுங்கிவிட்டது. இடப்பக்கமாக வரும் ஒயரிங் வலப்பக்கத் திருப்பத்தில் முன்னால் இழுபடும். இழுபடக் கொடுக்க நீளம் இல்லை. டேங்க் மேலே உட்கார்ந்ததும் அந்தக் கட்டை இன்னும் கீழே அமுக்குகிறது. டேங்கைத் தூக்கினால் கட்டு எழும்பி, அறுந்த முனைகள் ஒன்றையொன்று தொட்டுக்கொள்கின்றன. நான் முதலில் 60.4 பார்த்தது அப்படித்தான். நோயாளியைக் குணப்படுத்திவிட்டுப் பரிசோதனை செய்திருக்கிறேன்.

டேப்பைப் பிரித்தேன். வெளித்தோற்றத்துக்கு லோ ஒயரில் ஒரு கீறல்கூட இல்லை. ஒயரை விரல் இடைவெளிக்கு ஒருமுறை இரு கையாலும் பிடித்து மெல்ல இழுத்துக்கொண்டே வந்தேன். செம்பு உள்ளே இருக்கும் ஒயர் விறைப்பாக நிற்கும். கழுத்திலிருந்து ஒரு சாண் தள்ளி, டேக் இருந்த இடத்துக்கு அருகே, ஒயர் ரப்பர் போல நீண்டது. கத்தியால் மேலுறையைக் கீறியபோது செம்பு இழைகள் எல்லாம் ஒரே இடத்தில் அறுந்து, முனைகள் கறுத்து, நடுவே அரிசி அளவு இடைவெளி. டேங்க் இல்லாத நிலையில் மல்டிமீட்டரின் பஸ்ஸரை வைத்திருந்தால் இந்த ஒயர் பீப் என்று தன்னை நல்லவன் என்றே காட்டியிருக்கும். ஒற்றை இழை தொட்டுக்கொண்டிருந்தாலும் பஸ்ஸருக்குப் போதும்.

பழுது பார்த்தது

அறுந்த இடத்தில் ஈயம் வைத்து ஒட்டி முடித்திருக்கலாம், பத்து நிமிட வேலை. ஆனால் ஈயம் ஏறிய ஒயர் கம்பி போல விறைத்துவிடும். வளைகிற இடத்தில் அந்த விறைப்பின் ஓரத்தில் மறுபடி ஒடியும். அதனால் கழுத்துக்கு இரு பக்கமும் அசையாத இடம்வரை ஹை, லோ இரண்டையும் வெட்டி எடுத்து, அதே தடிமனில் புது ஒயரை முறுக்கிப் போட்டேன். ஹை நன்றாக இருக்கும்போது அதை ஏன் வெட்ட வேண்டும் என்று பையன் கேட்டான். அதுவும் அதே டேக்கில் அதே ஆறு மாதம் கிடந்தது. அதோடு, ஒன்றை மட்டும் மாற்றினால் முறுக்கு ஒழுங்காக வராது. வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டு ஒயரிலும் சமமாக விழுந்தால்தான் வித்தியாசத்தில் கழிந்து போகும், முறுக்கு அதற்காகத்தான் இருக்கிறது. இணைப்புகளை ஒன்றுக்கொன்று எதிரெதிரே வராமல் தள்ளித் தள்ளி வைத்து, பசை உள்ள ஸ்லீவ் சுருக்கி மூடினேன். ஃபாக் லைட் ஒயரைத் தனியாகப் பிரித்து வேறு வழியில் விட்டேன்.

டேங்கைப் பூட்டி, ஆளை உட்கார வைத்து, வலது முழுக்கத் திருப்பி ஓம் பார்த்தேன்: 60.3. ஸ்கோப்பில் கோபுரமும் நிழலும் எதிரெதிராகவே நின்றன. எண்களை அழித்துவிட்டு, காட்பாடி வரை போய் அதே இடத்தில் யு திருப்பம் எடுத்தேன். கூலியும் சாமானும் சேர்த்து 1,400 ரூபாய் வாங்கினேன். ஏபிஎஸ் கப்ளரைச் சுத்தம் செய்த ஒரு மணி நேரத்துக்குக் காசு வாங்கவில்லை, அது என் தவறு.

அடுத்த ஞாயிறு ஏலகிரி போய்வரும்படி ஆசிரியரிடம் சொல்லியிருந்தேன். திங்கள் மாலை வந்தார், கையில் துணிப்பையில் பழைய மீட்டர். பதினான்கு வளைவிலும் ஒன்றும் வரவில்லை என்றார்.

"சார், பழையதையே போட்டுப் பார்த்துவிடலாமா?" என்றேன். எனக்கும் அதைப் பார்க்காமல் மனம் ஆறவில்லை. கழற்றி மாட்ட கால் மணி நேரம். சாவி போட்டதும் முள் மேலே போய் இறங்கியது, ஓடிய தூரம் 23,418 என்று வந்து நின்றது. வலது முழுக்கத் திருப்பினோம், இடது முழுக்கத் திருப்பினோம், தெருவில் நாலு சுற்றுச் சுற்றினோம். மூன்று பெட்டியிலும் ஒரு எண் இல்லை.

11,000 ரூபாய் மீட்டரை அதே துணிப்பையில் போட்டுக் கொண்டுபோனார். விற்ற இடத்தில் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லையாம்.